நானே போட்டுக்கொண்ட ஊதாக் கோடு

நேற்றுக் காலை கரண்ட் வைக்கும் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நர்ஸ் எஸ்தர், மேஜைமேல் நான், திரைக்கு அந்தப் பக்கம் என் அகத்துக்காரர்.

பெருமாளையும் சேர்த்தால் ஐந்து. அவர் ஒன்றும் பேசவில்லை; என் அகத்துக்காரரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சனிக்கிழமை பஜனைக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் ஆள்மேல் ஆள் அனுப்புகிறீர்கள். தனித்தனியாகச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. இதைப் படித்துவிட்டு அடுத்த அகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மாதம் முன்பு எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னது "ஒரு கட்டி". எனக்குச் சொன்னதும் அதுதான்!

இப்போது தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, திருச்சி ஆஸ்பத்திரியில் கரண்ட் (எக்ஸ்ரே மாதிரி ஒரு கதிர்) வைத்துக்கொண்டு வருகிறேன். எத்தனாவது தடவை என்று நோட்டில் குறிக்கிறேன். (பால் கணக்கு எழுதும் நோட்டுதான். அதற்கென்று தனி நோட்டு வாங்க மனசு வரவில்லை.)

முதல் நாள் டாக்டர் தழும்பைச் சுற்றி ஊதா மையால் நாலு கோடு போட்டார்.

எதற்கென்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சலவைக்குப் போகும் துணியில் குறி போடுவார்களே, அதுபோல ஆள் மாறிப் போகாமல் இருக்க என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, குளிக்காமல், பெருமாளுக்குச் சமைக்கும் தளிகை உள்ளில் கால் வைக்கிறவளா நான்?

முதல் நாள் மஞ்சள் தேய்த்தேன். மை அசையவில்லை. மறுநாள் பயத்தமாவு. அப்புறம் சீயக்காய். ஞாயிற்றுக்கிழமை துளிகூட இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டேன். ஒரு வெண்கலப் பானையைத் தேய்த்து முடித்த சந்தோஷம்.

நேற்று விடியற்காலையில்தான் பயம் பிடித்தது. குறி எங்கே என்று நர்ஸ் கேட்டால்?

அகத்துக்காரரின் காப்பியிங் பென்சில் இருந்தது. நனைத்தால் ஊதா. நாக்கில் நனைத்தால் எச்சல் என்று துளசி தீர்த்தத்தில் நனைத்து, கண்ணாடி முன் நின்று, நாலு கோடும் போட்டுக்கொண்டேன். நாற்பது வருஷம் கோலம் போட்ட கை. கோடு இம்மி கோணவில்லை.

எஸ்தர் மெஷினை இறக்கிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள்.

"மாமி, இது எங்க டாக்டர் போட்ட கோடு இல்லையே. அவருக்கு இவ்வளவு நேரா வராதுங்களே."

டாக்டர் வந்தார். பார்த்தார். என்னைத் தாண்டி, திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"சார், கோட்டை அழிக்கக் கூடாது, அந்த இடத்துல தண்ணி படக் கூடாதுன்னு அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அப்புறம் ஒரு கனைப்பு.

"சொன்னேள். இவகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

என் அகத்துக்காரர் ஹைஸ்கூலில் ஜாமெட்ரி எடுப்பவர். கோடு, கோணம் என்று நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுபவர். என் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனார். என் மார்பில் இருக்கும் கோட்டைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம்!

அவரை மட்டும் சொல்வானேன். முதல் நாளே "எதற்கு இந்தக் கோடு" என்று கேட்க எனக்கும் வாய் இருந்ததே.

டாக்டர் இங்கிலீஷுக்கு மாறினார். பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துக் கற்ற இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் உண்டு. கோடு ஓர் அங்குலம் தள்ளிப் போனால் வியாதி இருந்த இடம் தப்பிவிடும், நல்ல நுரையீரல் வெந்துபோகும் என்கிறார். யாருடைய நுரையீரலைப் பற்றி யாரிடம் சொல்கிறார் பாருங்கள்.

எழுந்து உட்கார்ந்தேன். இப்படி ஒருநாள் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒத்திகையில் நான் ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பேன். நடந்ததோ, துண்டை மேலே பிடித்துக்கொண்டு, கீச்சென்ற குரலில்.

"டாக்டர், உடம்பு என்னோடது. எங்கிட்ட சொல்லுங்கோ."

"நீங்க தாங்குவீங்களாம்மா?"

"இதுவரைக்கும் வேற யார் தாங்கினா?"

எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புற்று என்ற வார்த்தையை முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

தோல் கறுக்கும், சாதம் விழுங்கத் தொண்டை எரியும், முடியும்வரை இடுப்புக்கு மேலே குளியல் கிடையாது என்று வரிசையாகச் சொன்னார். அகத்துக்காரரிடம் பால் நோட்டைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டேன்.

"திரும்பி வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். சத்தியம் பண்ண என்னால முடியாதும்மா."

பக்கத்தைப் புரட்டினேன். அதையும் எழுதினேன்.

அப்புறம் என் கோலத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, தழும்பிலிருந்து அளந்து, தன்னுடைய கோணல் கோட்டையே மறுபடி போட்டார். நல்லவேளை, தப்புக் கோட்டில் ஒரு தடவைகூடக் கரண்ட் வைக்கவில்லை.

முழுக்குளியல் இல்லாமல் பெருமாளுக்கு நான் தளிகை பண்ண முடியாது. அகத்துக்காரர்தான் மடி கட்டிக்கொண்டு பண்ணுகிறார். இன்று பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியது குழைந்த வெண்பொங்கல். பெருமாள் ஆட்சேபிக்கவில்லை. நான் ஆட்சேபித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது டாக்டர் என்னிடமே ஒன்று கேட்டார். கரண்ட் முடிந்ததும் வயிற்றில் இன்னொரு ஆபரேஷன் செய்து சினைப்பையை எடுத்துவிட்டால் வியாதி திரும்புவது தள்ளிப் போகலாமாம். நிச்சயம் இல்லையாம். செய்துகொள்வதா வேண்டாமா என்று வருகிற வெள்ளிக்கிழமை நான் சொல்ல வேண்டும்.

உங்களில் யாருக்காவது, உங்கள் அக்கா தங்கைக்காவது, இந்த வியாதி வந்திருக்கிறதா? இரண்டாவது ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது நடமாடிக்கொண்டிருக்கிறார்களா? எப்படி இருக்கிறார்கள்?

"கட்டி" என்று எழுத வேண்டாம். வியாதியின் பேரைச் சொல்லியே எழுதுங்கள். என் அகத்துக்காரர் பேருக்கு வேண்டாம், என் பேருக்கே போடுங்கள்.

வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.