ஞாயிறு காலையில் விரித்த ஜமக்காளம்

அடிவாரத்தில் கிளம்பிய பஸ் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது செல்வி அழைத்தாள். "மேடம், அக்கா தவறிட்டாங்க. காப்பி குடிச்சுட்டு நாற்காலியில சாஞ்சவங்கதான், எந்திரிக்கல." அதற்குமேல் சிக்னல் இல்லை. மலைப்பாதையில் எப்போதும் நடப்பதுதான். மேலே போய்ச் சேரும்வரை யாரிடமும் எதுவும் கேட்க வழியில்லாமல், விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏற்காட்டில் ஏரிச் சாலையில் சிறிய தங்கும் விடுதி நடத்திவந்த ஜெயமணி அக்காவை இதைப் படிக்கும் பலர் அறிவீர்கள். பெயர் தெரியாதவர்களும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். காசாவில் நடக்கும் இனப்படுகொலையை எதிர்த்து, ஞாயிறு காலைகளில் விடுதி வாசலில் ஜமக்காளம் விரித்து, ஓர் அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். செல்வி அவருடைய விடுதியில் வேலை பார்ப்பவள். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அக்காவுக்கு அடுத்த சந்தில் குடியிருக்கிறேன்.

அந்த அட்டையை எழுதியது நான். செத்துப்போன குழந்தைகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடச் சொல்லித்தான் அக்கா வந்தார். யார் எடுத்த கணக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று கேட்டேன். என் தொழில் புத்தி அது. "சரிங்க மேடம், நம்பர் வேண்டாம். 'காசாவில் கொல்வதை நிறுத்துங்கள்'னு மட்டும் எழுதுங்க. அதுக்கு ஆதாரம் கேக்க மாட்டீங்களே?" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இங்கே உட்கார்ந்தால் அங்கே யார் நிறுத்தப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். அப்போது அவர் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "ஈழத்துல கடைசிச் சண்டை நடந்தப்ப இங்க சீசனுங்க. டிவியப் பாத்துக்கிட்டே கெஸ்டுக்குச் சப்பாத்தி போட்டேன். அழுதுக்கிட்டேதான் போட்டேன். ஆனா அடுப்ப அணைக்கல" என்றார். பிறகு மாவைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். "நிறுத்த முடியும்னு உக்காரலீங்க மேடம். எழவு சேதி கேட்டும் போகாம இருந்தா, அப்புறம் அந்த ஊட்டு ஆளுங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

எழவு வீடு என்பதை அவர் உவமையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பிறகு நானும் அவரோடு உட்கார ஆரம்பித்தேன். ஒரு ஞாயிறு, மாரமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய வயதான அம்மாள் ஒருவர் வாசலில் ஜமக்காளத்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தார். மூட்டையை ஓரமாக வைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அட்டையைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை.

"யாருங்க சாமி?"

"கொழந்தைங்களுங்க ஆயா."

"எந்த ஊடு?"

"நொம்பத் தூரமுங்க. கடல் தாண்டி. குண்டு போட்டுக் கொல்றாங்க."

சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிடித்த கையை விடவில்லை. "தாய்க்காரிக இருக்காளுகளா?"

"சில பேருக்கு இருக்காங்க. சில பேருக்கு இல்லீங்க."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடுத்த பஸ் வரும்வரை அவரும் உட்கார்ந்தார். பஸ் வந்ததும் எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், துக்க வீட்டிலிருந்து போவதுபோலவே போனார். அடுத்த வாரம் நான் எழுந்து, "வரேங்க்கா" என்றபோது அக்கா முறைத்தார். "அந்த ஆயாவுக்குத் தெரிஞ்சது படிச்ச உங்களுக்குத் தெரியாதா? பேசாமப் போங்க."

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை சிறியதல்ல. அந்த விடுதியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. வாசலில் நடப்பதைப் பற்றி யாரோ இணையத்தில் மோசமாக எழுதிவைக்க, கோடை சீசனிலேயே அறைகள் காலியாகக் கிடந்தன. எதிரே ஏலக்காய், மிளகு விற்கும் ராமசாமி ஒருநாள் நேரே வந்தார்.

"ஏனுங்கக்கா, சீசன்ல எழவு ஊடாட்டம் உக்காந்திருந்தா எவன் வந்து தங்குவான்? உங்க பொழப்பும் போகுது, எங்க பொழப்பும் போகுது."

"எழவு ஊடுதானுங்க. செத்த நேரம் பொறுங்க, நான் எந்திரிச்சதும் உங்க ஏலக்காய வித்துக்குங்க."

"மலைக்கே துக்கம் கொண்டாட வந்துட்டீங்க."

"நீங்களும் வந்து உக்காருங்க. கடையில ஈதான ஓட்டறீங்க?"

அன்று ராமசாமி கோபமாகத்தான் போனார். அக்கா செல்வியின் சம்பளத்தில் கைவைக்கவில்லை. போர்வைகளைச் சலவைக்குப் போடுவதை நிறுத்திவிட்டுத் தாமே துவைத்தார். அவரைப் புனிதராக எண்ணிவிட வேண்டாம். வாசலில் நின்று செல்ஃபி எடுத்தவர்களை அவர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அவரை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிறு, ஜமக்காளத்தைக் கையில் வைத்துக்கொண்டு செல்வி வாசலில் நின்றாள். "விரிக்கட்டுங்களா மேடம்? இப்ப நம்ம ஊட்டுலயே துக்கமாச்சே." விரிக்கச் சொன்னேன். அட்டையை வழக்கமான இடத்தில் வைத்தாள். சற்று நேரத்தில் ராமசாமி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, என் பக்கம் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து, "யாருக்குங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"அக்காவுக்குங்க" என்றார் ராமசாமி. பிறகு சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, "அவங்களுக்குந்தான்" என்றார்.

அட்டை இப்போது என் வீட்டில் இருக்கிறது. உட்காருவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்கும்வரை போகாமல் இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஞாயிறு நேரமானதும் எழுந்தேன். செல்வி நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன்.