ஜிஸ்லேன் பிறை பார்த்த மாலை

மொரீஷியஸின் ரோஸ்ஹில் பஸ் டிப்போவில் ஜிஸ்லேன் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தாள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஈத் என்று உடன் வேலை செய்பவர்களின் பண்டிகைகளில் அவரவர் டூட்டியை இவள்தான் பார்ப்பாள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் இவளை வீட்டுக்கு அனுப்பினால், இருப்புக்கொள்ளாமல் இரண்டு முறையாவது டிப்போவை எட்டிப்பார்த்துவிட்டு வருவாள்.

ஈத் மட்டும் பெரிய தொல்லை. பிறை தெரிந்தால்தான் நாளைக்கு லீவு. இந்த வருடமும் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். வானமெல்லாம் ஒரே மேகம். பக்கத்து வீட்டு மாடியில் கண்டக்டர் இலியாஸ் நின்றிருந்தான்.

"தெரியுதாடா? நாளைக்கு உன் வண்டிக்கு நான் போகணுமா வேணாமா?"

"மேகத்துக்கு நடுவுல தெரிஞ்சிடுச்சுக்கா. ஆனா நீதான் போன மாசமே ரிட்டையர் ஆயிட்டியே. நாளைக்கு உனக்கும் லீவுதான். பிரியாணி சாப்பிட வா."

"அட, ஆமால்ல," என்றாள் ஜிஸ்லேன். சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் விடியற்காலை முதல் வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கேம்மா இறங்கணும்?"

ஜிஸ்லேன் அதை யோசித்திருக்கவில்லை.