சுவருக்கு வெளியே இருந்த அறை

தம்பி கனடாவுக்குப் போகும்போது விட்டுச் சென்ற கணினியில்தான் இதைத் தொடங்கினேன். அவன் விளையாடிய பழைய துப்பாக்கி விளையாட்டு ஒன்றோடு, அதற்கான கட்டடங்களையும் தெருக்களையும் நாமே கட்டிச் சேர்க்க உதவும் செயலியும் அதில் இருந்தது. சுடுவதில் எனக்கு விருப்பம் வரவில்லை. சுவர் எழுப்புவது பிடித்துப்போனது.

பகலில் பிரதேச சபையில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. மதிலுக்கும் வீட்டுக்கும் எத்தனை அடி, கிணற்றுக்கும் மலக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவேன். பின்னேரம் மண்கும்பானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. பெரியக்கா லண்டனில் இருக்கிறா. அம்மா செத்து இரண்டு வருடமாகிறது. ஐந்து அறை வீட்டில் நான் ஒருத்தி. எனக்கு ஒரு முட்டை பொரித்தால் போதும்.

நான் சொந்தமாகக் கட்டியவை ஒன்றும் சரிவரவில்லை. அடுத்தவர் கட்டியதில் பிழை பிடிப்பதுதான் எனக்கு வாய்த்தது. இப்படிக் கட்டுகிறவர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்று இருக்கிறது. கட்டியது இயங்காவிட்டால் கோப்பை அங்கே போட்டு உதவி கேட்பார்கள். இரண்டு சுவர்கள் ஒரே இடத்தில் விழுந்து பளிச்சுப் பளிச்சென்று மின்னும். எங்கோ ஒரு மூலை திரையின் அளவுக் கட்டத்திலிருந்து மயிரளவு விலகி நிற்கும். எல்லாவற்றிலும் பெரிய தொல்லை ஒழுக்கு. கட்டியதெல்லாம் காற்றுப் புகாத பெட்டிபோல மூடியிருக்க வேண்டும். ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தாலும் செயலி கட்டடத்தை ஏற்காது. உள்ளே இருக்கும் ஒரு பொருளிலிருந்து துளை வழியாக வெளியின் வெறுமைக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்தக் கோட்டின் பின்னால் போய்த் துளையை அடைப்பேன். நன்றி என்று ஒரு வரி வரும். அநேகமாக அதோடு சரி.

போன பங்குனியில் ஒருவர் கடற்கரை விடுதி ஒன்றைக் கட்டி அனுப்பியிருந்தார். எந்த நாட்டவர், ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. நாற்பதுக்கு மேல் பிழைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினிக்கு முன்னால் இருந்தவள், வெயில் தாழும்போதுதான் எழும்பினேன். கடைசியாக ஒழுக்கு மட்டும் மிஞ்சியது. சிவப்புக் கோடு விடுதிக்குள்ளிருந்தே புறப்படவில்லை. மாடிப்படிச் சுவருக்கு வெளியே, ஒன்றோடும் ஒட்டாமல் ஒரு சின்ன அறை தனியே நின்றது. வாசல் இல்லை. உள்ளே ஒரு கட்டில், பக்கத்தில் இருக்க ஒரு கதிரை, ஒரு விளக்கு. அறையின் ஒரு மூலை சரியாகப் பொருந்தவில்லை. கோடு அந்த விளக்கிலிருந்து மூலை வழியாக வெளியே போயிருந்தது. கட்டிப் பழகியபோது செய்துவிட்டு மறந்த குப்பை என்று நினைத்தேன். அப்படி நிறையப் பேர் விட்டுவைப்பார்கள். முழு அறையையும் அழித்தேன். விடுதி இயங்கியது. திருத்தியவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, பெருமையோடு அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கோபமான சொல் ஒன்றும் அதில் இல்லை. அது தன் தகப்பன் கடைசியாகக் கிடந்த அறை என்றும், யாரும் போக முடியாத இடத்தில் இருக்கட்டும் என்றுதான் அங்கே வைத்ததாகவும் எழுதியிருந்தார். அழிக்கமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று முடித்திருந்தார்.

அன்று சபைக் கந்தோரில் ஒரே வரைபடத்தை மூன்று முறை பார்த்தேன்.

அவர் முதலில் அனுப்பிய கோப்பு என்னிடம் இருந்தது. அதிலிருந்து அறையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். கட்டிலை அசைக்கவில்லை. கதிரை கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதையும் தொடவில்லை. விலகிய மூலையை மட்டும் கட்டத்துக்குக் கொண்டுவந்து பொருத்தினேன். கோடு மறைந்தது. அனுப்பியபோது மன்னிப்பும் கேட்டேன். நன்றி என்று மட்டும் வந்தது.

பிறகு அந்த விடுதியை எல்லோருக்குமாக வெளியிட்டார். நானும் என் கணினியில் இறக்கி, ஒருவரையும் சுடாமல், படியேறிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். சுவரோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறொன்று உறுத்தத் தொடங்கியது. அம்மாவின் செத்தவீட்டுக்குத் தம்பியால் வர முடியவில்லை. அவனுக்கு அப்போது பயணப் பத்திரம் இல்லை. சில மாதம் கழித்து அம்மாவின் அறையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டான். போனில் சார்ஜ் இல்லை, நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை. அந்த அறையில் அப்போது நிலத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் தம்பிக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை, வேலைக்கு வெளிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்றான். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோடை அம்மான்ரை அறையை ஒதுக்கி எல்லாத்தையும் குடுத்துப்போட்டன். நீ படம் கேக்கேக்கை அங்கை ஒண்டும் இருக்கேல்லை."

"தெரியும் அக்கா. நான் படம் கேட்ட பிறகு பெரியக்கா சொன்னவா."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது.

"நீங்கள் தனிய அதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது தானே. எனக்கு அந்த அறை இஞ்சை அப்பிடியே இருக்கு. கேட்டால் நீங்கள் இல்லையெண்டு சொல்லுவியள். அதுதான் கேக்கேல்லை."

அம்மாவின் கதிரையையும் கொடுத்துவிட்டேனா என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். ஆருக்கு என்று கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்தான். எங்கள் தெருவில் கடற்கரைக்கு வந்தவர்களின் வான் வண்டிகள் பட்டணப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்க மனம் வரவில்லை.

அடுத்த கிழமை இன்னொருவரின் கோப்பு வந்தது. அதிலும் சுவருக்கு வெளியே எங்கும் போகாத நாலு படிகள் இருந்தன. இவை உங்களுக்கு வேண்டுமா என்று எழுதிக் கேட்டேன். நான்கு நாள் காத்திருந்தேன். அது வெறும் குப்பை, அழித்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

அழித்தேன்.