கல்மேல் நின்ற வீடு

பினாங்கில் நான் சொந்தமாக வாங்கிய வீடு ஒருநாள் காலையில் எழுந்து நடந்து போனது. ஊருக்குப் போயிருந்தபோது இதைச் சொன்னேன். கடல் கடந்து போனவன் கொஞ்சம் கதை விடத்தான் செய்வான் என்று சிரித்து, பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். நானும் மேலே சொல்லவில்லை. மீதியைச் சொல்லியிருந்தால் அவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவி வந்து சேர்ந்த புதிதில் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகையால் தடுத்த அறை ஒன்றில் குடியிருந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். எனக்கு அறையை விட்டவர் மாடியை இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த இன்னொருவர் முழு வீட்டையும் வேறொருவரிடம் எடுத்திருந்தார். கூரை ஒழுகியபோது ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருப்பவரைக் கை காட்டினார். எல்லோருக்கும் மேலே கூரைதான் இருந்தது, அது ஒழுகிக்கொண்டிருந்தது.

"இந்த ஊர்ல நமக்குன்னு ஒரு கதவு வேணுங்க. தெறந்தா நம்ம வாசல் தெரியணும், அடுத்த வீட்டு வேட்டி தெரியக்கூடாது" என்றாள் மனைவி.

அப்படித்தான் ஆயர் ஈத்தாம் போகும் சாலையில், தென்னைகளுக்கு நடுவே இருந்த ஒரு கம்பத்தில் வீடு வாங்கினேன். கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் குடியிருப்பு. விற்றவர் தமிழ்த் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த முஸ்லிம். தமிழையும் மலாயையும் ஒரே வாக்கியத்தில் குடிவைத்துப் பேசுவார். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பெரிய வீடு ஒன்று கட்டிக்கொண்டு பழையதை விற்றார். பலகைச் சுவர், நீப்பா ஓலைக் கூரை, ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்குத் தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு கல்லின்மேல் நின்றது.

"வீடு உங்களுதுதானே நானா?" என்று கேட்டேன். எச்சரிக்கையான மனிதன் அல்லவா?

"என்னுதுதான்லா தம்பி. நானே மரம் வாங்கி, நானே கட்டினது. நெலத்துக்கு மட்டும் மாசாமாசம் ஒரு ஆளு வந்து காசு வாங்கிட்டுப் போவான். அதக் குடுத்துடு."

மாதாமாதம் ஆள் வந்தான், கொடுத்தேன். அதை முனிசிபாலிட்டி வரி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மொழியில் புத்தகம் படிக்கிறவன், ஏதாவது ஒன்றிலாவது கேட்டிருக்கலாம். நம் ஊர்ப் புத்தி எனக்கு. வீடு என்றால் அதற்குக் கீழே மனை இருக்கும், இரண்டும் சேர்ந்துதான் கை மாறும். நாம் வீட்டை மண்ணுக்குள்ளிருந்து தொடங்குகிறோம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, பாலும் நவதானியமும் விட்டு, பிறகுதான் மேலே வருகிறோம். அந்த ஊரில் வீடு ஒரு பொருள். கட்டில் மாதிரி, படகு மாதிரி. அது ஒருவருடையதாக இருக்கலாம், அது நிற்கும் இடம் வேறொருவருடையதாக இருக்கலாம். தூண்கள் மண்ணுக்குள் போகாமல் கல்மேல் நின்றதைத் தினமும் பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கும் விருந்தாளியைப் போல அந்த வீடு நின்றது. கரையானுக்காக என்று நினைத்தேன்.

பால் காய்ச்சினோம். மனைவி கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். கொல்லையில் ஏற்கெனவே ஒரு ஜம்பு மரம் இருந்தது. காய்க்கிற காலத்தில் அடியில் பழம் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும்.

இரண்டாவது வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விடியும்போது பிறந்தது, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது. பிரசவம் பார்த்த மலாய்க் கிழவி அதைக் கழுவித் துடைத்து, உயிருள்ள பிள்ளையைத் தருவது போல என் கையில் தந்தாள். எங்களில் அவ்வளவு சின்ன உயிரை எரிப்பதில்லை, வீட்டை ஒட்டியே மண்ணில் வைப்போம். ஜம்பு மரத்தின் கீழே வைத்தோம். குழி வெட்டியவர் நானா. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் முடிந்திருக்காது.

பெயர் வைப்பதற்கு நேரம் இருக்கவில்லை. மனைவி அவளை 'அவ' என்றுதான் சொல்வாள். சாயங்காலம் பாத்திரம் கழுவிய பிறகு மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அழுவது கிடையாது. மிளகாய் ஆய்வாள், துணி மடிப்பாள், பக்கத்தில் யாரோ இருப்பது போல ஒன்றிரண்டு வார்த்தை பேசுவாள். நான் சன்னலோரம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பல வாரங்கள் படித்தேன்.

அப்படி இருக்கும்போது நிலத்துக்காரர் காலமானார். நிலத்துக்காரர் என்று ஒருவர் இருந்தது அவர் செத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் கம்பத்தின் ஒரு பகுதியை ஒரு சீனத் தவுக்கேயிடம் விற்றார்கள். சாலையோரமாக வரிசை வீடு கட்டி வாடகைக்கு விடும் முதலாளி அவர். மாதாமாதம் காசு வாங்க வந்த ஆள் இந்தத் தடவை காசு கேட்கவில்லை. இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றான்.

சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஓடினேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வீடு முழுக்க முழுக்க உம்முடையதுதான் ஓய்" என்றார். "அதில் யாரும் கை வைக்க முடியாது. நீர் அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அங்கே மட்டும் வைத்திருக்க முடியாது."

நானாவுக்கு என் கவலை புரியவேயில்லை. "இதுக்கா முகத்த இப்படி வெச்சிருக்க? வீட்டத் தூக்கிட்டுப் போயிடலாம் தம்பி. வயலுக்கு அந்தப் பக்கம் என் மச்சான் நெலம் சும்மா கெடக்கு. எங்க ஆளுங்களக் கூப்பிட்டா ஒரு காலையில முடிஞ்சிரும்லா."

"வீட்டையா?"

"பின்ன, கெணத்தையா?" என்று சிரித்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, வாசல் எந்தப் பக்கம் வேணும்? இப்பவே சொல்லிடு. கெழக்கு வேணும்னா கெழக்க வெச்சுடலாம். கட்டினவனுக்குக் கெடைக்காத சௌகரியம் உனக்குக் கெடைக்குது" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "வீட்டத் தூக்கிருவீங்க அண்ணே. அவள?" என்றாள்.

நானா தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போயி அங்க வெக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு தடவ மண்ணப் போட்டு மூடினதே போதும். திரும்பத் தோண்ட விடமாட்டேன்."

ஆனாலும் வீடு போகத்தான் வேண்டியிருந்தது. கம்பத்து ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். தூண்களுக்குக் குறுக்கே நீளமான மூங்கில்களைக் கட்டினார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் தோள் கொடுத்தார்கள். வீடு ஒரு முனகலுடன் கல்லைவிட்டு எழுந்தது. சுவருக்குப் பதிலாகக் கால்கள் தெரிந்தன. வயலைக் குறுக்கே வெட்டி, பல்லக்கு போல அசைந்து அசைந்து போயிற்று. சன்னல் கதவு ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் நான் சாமி படத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் இடுக்கிக்கொண்டு ஓடினேன். சொந்த வீட்டைப் பிடிக்க ஓடியவன் அந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தூக்கி வந்தவர்களுக்குக் கோழிச் சோறு போட்டோம், எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

மனைவி வீட்டோடு வரவில்லை. பழைய இடத்தில் கற்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அவள் ஜம்பு மரத்தடியில் இருந்தாள். இருட்டுவதற்கு முன் போய் அழைத்து வந்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் வயலைத் தாண்டி அங்கே போனாள். அளவுகோல்காரர்கள் வந்து முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். ஜம்பு மரத்தை வெட்டினார்கள். அடிமரத்தை வேரோடு பெயர்க்க வந்தபோது, குடையை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சீனக் கூலியாட்கள் ஒரு பெண்ணைத் தொட்டு அப்புறப்படுத்தவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல் தவித்தார்கள். கடைசியில் தவுக்கேயே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். செய்தி கேட்டு நானும் நானாவும் ஓடினோம்.

தவுக்கே கொஞ்சம் வயதானவர். வெள்ளைக் கால்சட்டை, கையில் விசிறி. எனக்கு மரியாதையாகப் பேசத் தெரிந்தது ஆபீஸ் ஆங்கிலத்தில்தான். அடியேன் தாழ்மையுடன் தங்கள் சமூகத்துக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால் என்கிற பாணியில் தொடங்கினேன். விஷயத்துக்கு வருவதற்குள் மாலையாகியிருக்கும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது வேறு விஷயம்.

மனைவி எழுந்து நின்றாள். காய்கறிக்காரியிடம் கற்ற மலாயில், தரையைக் காட்டி, "தவுக்கே, சினி அடா ஆனாக் சாயா" என்றாள். இங்கே என் பிள்ளை இருக்கிறது. அவ்வளவுதான்.

விசிறி நின்றுவிட்டது. கூலியாட்களில் ஒருவன் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தான். மற்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். தவுக்கே மேஸ்திரியை அழைத்துத் தம் மொழியில் நெடுநேரம் பேசினார். கயிறுகளைக் காட்டினார், கோபித்தார், தரையைப் பார்க்காமலே அந்த இடத்தைச் சுற்றி வந்தார். அப்புறம் நானாவிடம் மலாயில் சொன்னார்.

"தவுக்கே என்ன சொல்றாருன்னா," என்று நானா மொழிபெயர்த்தார், "வரிசைய மாத்த முடியாதாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவுல வானம் தெரியற மாதிரி முத்தம் ஒண்ணு வருதுல்ல, இந்த வீட்டோட முத்தத்த இங்க வர்ற மாதிரி தள்ளிக் கட்டச் சொல்லிட்டாராம். அந்த மூலையில மட்டும் கல்லு பதிக்க மாட்டாங்களாம்."

என் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல ஆங்கிலத்தில் இன்னொரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது.

"இரு தம்பி, இன்னும் முடியல. இப்படி ஒரு வீட்டுக்குச் சீன ஆளுங்க யாரும் குடிவர மாட்டாங்களாம். நீயே எடுத்துக்கணுமாம். வாடகை மத்த வீடு மாதிரியே. கொறைக்க மாட்டாராம்."

"நானா, எனக்குத்தான் சொந்த வீடு இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"போலே" என்றாள் மனைவி. ஆகட்டும் என்று அர்த்தம். தவுக்கே அவளுக்குத்தான் தலையசைத்தார். என்னை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வயலுக்கு அந்தப் பக்கம் போன வீட்டை நானாவே திரும்ப எடுத்துக்கொண்டார். நாங்கள் தவுக்கேயின் வரிசையில் குடியேறினோம். முதலில் வாங்கியது மண் இல்லாத வீடு. இப்போது கொஞ்சம் மண்ணுக்காக ஒரு முழு வீட்டுக்கு வாடகை கொடுக்கிறேன். ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, "சொந்த வீட்டை விட்டுட்டு வாடகைக்குப் போன ஒரே தமிழன் நீதாம்ப்பா. ஊருக்கு எழுதிப் போட்டுறாதே, கப்பல் ஏற ஆள் வராது" என்றார். எல்லோருடனும் சேர்ந்து சிரித்தேன். காரணத்தை அங்கே யாருக்கும் சொன்னதில்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் வீடு வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்பதுண்டு. கீழே இருப்பது யாருடையது என்று முதலில் கேளுங்கள் என்பேன். உடனே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் கேள்வியின் அருமை தெரிய அவர்களும் அங்கே எதையாவது வைத்திருக்க வேண்டும். அது வேண்டாம். தெரியாமலே இருக்கட்டும்.

ஆனால் வாடகை வீடு வாடகை வீடுதான். தவுக்கே போ என்றால் போக வேண்டும். இப்போது அவருக்குக் கண் சரியில்லை. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் தலையெடுத்தால் நிலம் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை, சீனப் புத்தாண்டு கழிந்ததும், வரிசை முழுவதும் பார்வையிட அவர் வருகிறார். அன்று காலையிலிருந்தே மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கோட்டு போட்டவனைக் குடியெழுப்ப யோசிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

இந்த வருஷமும் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூரையைப் பார்த்தார், சுவரில் விழுந்திருந்த ஈரத்தைத் தட்டிப் பார்த்தார். முற்றத்துக்கு வந்ததும் மகன் அந்தக் கல் பதிக்காத மூலையைக் காட்டி ஏதோ கேட்டான். கிழவர் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு உட்கார்ந்து, மனைவி கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

கதவைச் சாத்தியபின் மனைவி கேட்டாள். "பையன் என்ன கேட்டான்?"

"புரியல."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லலேன்னா சரி" என்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளப் போனாள்.