சத்தமில்லாத இடம் தேடி ரயிலேறினேன்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தேன்.

என் படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு நின்றுவிட்டது. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் எனக்கு அந்த வேலை வந்தது. ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்காகப் புத்தகம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே வந்து உழைத்தவர்களைப் பேச வைத்துக் கேசட்டில் பதிவு செய்திருந்தார்கள். அதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தாளில் எழுதித் தர வேண்டும். ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, பின்னால் ஓட்டுவது, மறுபடி கேட்பது, எழுதுவது. கேசட்டில் அரை மணி நேரம் ஓடும் ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு முழுப் பகல் ஆகும். எவ்வளவு கேட்டும் புரியாத இடங்களில் 'தெளிவில்லை' என்று அடைப்புக்குள் எழுதிவிடலாம். அது இந்த வேலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம்.

வெளியே போகாமல் வீட்டிலேயே செய்கிற வேலை என்றால் சுகம் என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே புதிதாக ஒரு அடுக்குமாடி புளோக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அஸ்திவாரத் தூண்களை இறக்க பைலிங் அடிக்க ஆரம்பித்தால் மாலை வரை மேசை அதிரும். அது நின்றதும் தம்பி பிள்ளைகள் மூவரும் பள்ளி விட்டு வந்துவிடுவார்கள். பிறகு டிவி. கேசட்டில் பேசுகிறவர்களோ வயதானவர்கள், முணுமுணுவென்று பேசுகிறவர்கள். நான் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து ஒட்டவைத்து, வேலை முடிந்த பிறகும் காதுக்குள் 'டங் டங்' என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். உடம்பு அசதி என்றால் படுத்தால் சரியாகும். அது படுத்தாலும் சரியாகாத அசதி.

அந்த நிலையில் கடைசிக் கேசட் வந்தது. பேசியவர் ரோடு போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "ஆள் முன்னால எனக்குப் பேச வராது, மிஷின வச்சுட்டுப் போங்க" என்று சொல்லி, தன் அறையில் தனியாக இருந்து பேசிப் பதிவு செய்திருந்தார். சங்கத்தில் யாரும் அதை இன்னும் கேட்கவில்லை. நானும் ஆள் முன்னால் பேச வராதவள்தான். அதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு பிரியம். இரண்டாவது பக்கத்து லேபிளில் அவரே கோணல் எழுத்தில் 'சயாம்' என்று எழுதியிருந்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் நாட்டுக் காட்டில் ரயில் பாதை போட அழைத்துப் போகப்பட்டு, உயிரோடு திரும்பிய நம்மவர்களில் அவரும் ஒருவர் என்று சங்கத்துச் செயலாளர் சொன்னார். இரண்டு வாரத்தில் எழுதித் தர வேண்டும், அச்சகம் காத்திருக்கிறது என்றும் சொன்னார்.

வீட்டில் அதைக் கேட்கவே முடியவில்லை. அவர் குரல் அவ்வளவு மெலிசு. பேச்சுக்கு நடுவே நெடுநேரம் மௌனமாக இருந்துவிடுவார். அந்த மௌனத்துக்குள் பைலிங் வந்து விழும். சத்தமில்லாத ஓர் இடம் வேண்டும், ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். எனக்கு பஸ்ஸில் போனால் வாந்தி வரும்.

"வேலை செய்யறதுக்கு ஊர விட்டா போவாங்க? லீவுல போறவங்களத்தான் பாத்திருக்கேன் லா" என்று தம்பி சிரித்தான்.

முதலில் எல்லை தாண்டி, மலேசியாவில் கூலாய்க்குப் போனேன். காப்பிக்கடைக்கு மேலே ஒரு அறை. கீழே விடிந்ததிலிருந்து மரம் ஏற்றிய லாரிகள். அன்றைக்கே திரும்பிவிட்டேன். அடுத்து குளுவாங்கில் ஒரு சொந்தக்காரர் வீடு. அங்கே லாரி இல்லை, அத்தை இருந்தார். கேசட்டைப் போடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பினாங்கு மாப்பிள்ளைக்கு என்னடி கொறச்சல்? ஏன் வேணாம்ன?" என்று பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதையை எடுப்பார். ஒன்றரை நாளில் அங்கிருந்தும் கிளம்பினேன். கடைசியாக எங்கள் மாதா கோயில் உபதேசியார்தான் வழி சொன்னார். ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது, மாதம் ஒரு ஞாயிறு பூசை வைக்க வரும் சாமியார் தங்குவதற்கு அதை ஒட்டி ஒரு அறை இருக்கிறது, மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும் என்றார்.

இரண்டு வாரத்தில் ஆறு நாள்தான் மிச்சம் இருந்தது. தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு காலை ரயிலில் ஏறினேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில். குளுவாங்குக்கு முன்னால் வரும் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கியபோது என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. ரயில் போன பிறகு ஒரு சத்தமும் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா நின்றேன். அழுகை வந்தது.

சிற்றாலயத்தைப் பார்த்துக்கொண்டவர் முப்பது வயதுள்ள ஒரு பெண். அதிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய் மதியம் வருவார். அறையைத் திறந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கன்னியாஸ்திரி ஆவப்போறீங்களாக்கா?"

"இல்லம்மா, எழுத்து வேலை."

"அதான பாத்தேன். இந்த வயசுல எடுத்துக்க மாட்டாங்க."

மறுநாள் காலை ரெக்கார்டரை எடுத்து வைத்த பிறகுதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. தோட்டத்தில் பகலில் மின்சாரம் கிடையாது. மாலையில் ஜெனரேட்டர் போட்டால்தான். என் ரெக்கார்டரில் எப்போதோ பேட்டரி கசிந்து, அதைப் போடும் இடம் துருப்பிடித்துக் கிடந்தது. சிங்கப்பூரில் சுவரில் பிளக் இல்லாத வீட்டைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. அதனால் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

மதியம் வந்த அந்தப் பெண்ணிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கோயிலில் பாட்டுப் போடும் ரெக்கார்டரைக் கொண்டு வந்து தந்து, தன் டார்ச் விளக்கிலிருந்த பேட்டரிகளையும் கழற்றிப் போட்டுக் கொடுத்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள தீத்துடாதீங்க, ஆண்டவருக்குப் பாட்டு வேணும்" என்றார்.

முதல் பக்கத்தை இரண்டு நாளில் முடித்தேன். அப்படி ஓர் அமைதியில் நான் வேலை செய்ததே இல்லை. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூன்றாம் நாள் காலை 'சயாம்' பக்கத்தைப் போட்டேன். வழக்கமாக எழுதுவதற்கு முன் ஒரு முறை முழுதாகக் கேட்டுவிடுவேன். நாள் நெருங்கிவிட்டதாலும், பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயத்தாலும் அன்று அப்படிச் செய்யவில்லை. மூன்று மாத வேலை, அரிசி தருவார்கள் என்று கூப்பிட்டதையும், சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் ஏறியதையும் சொல்லிக்கொண்டு வந்தார். எழுதிக்கொண்டே கொஞ்சம் பின்னால் ஓட்டி நிறுத்தி, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் மறுபடி பட்டனை அமுக்கினேன்.

என் ரெக்கார்டரில் முதல் பட்டன் ஓடவிடுவது. இதில் முதல் பட்டன் பதிவு செய்வது, அதை மட்டும் அமுக்கினாலே பதிவாகிவிடும். சிவப்புப் புள்ளி இருந்தது. இரண்டு நாளும் பார்த்துப் பார்த்துத்தான் அமுக்கினேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

குரல் வரவில்லை. அவர் யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். எப்போதும் அப்படி நிறுத்துகிறவர்தானே. பேனாவைப் பிடித்தபடி, அவசரப்படுத்தக் கூடாது என்று ஏதோ எதிரில் அவரே இருப்பதுபோலக் காத்திருந்தேன். ஜன்னலில் காற்று வந்தது. எத்தனையோ மாதத்து அசதி. மேசையில் தலை சாய்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. 'டக்' என்று கேசட் முடிந்து பட்டன் தானாக மேலே எழும்பிய சத்தத்தில்தான் விழித்தேன்.

இருபது நிமிடத்துக்கு மேல் அழிந்து போயிருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிவே ஆகாது. என் கேசட்டுகளில் அப்படித்தான் செய்வேன். இது சங்கத்துப் பொருள், உடைத்தால் ஏதாவது சொல்வார்களோ என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

மதியம் அந்தப் பெண் வந்தபோது நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். 'தெளிவில்லை' என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சரி என்று சொல்லிவிட்டால் எழுதிவிடலாம் என்றிருந்திருப்பேன்.

"அவரு உசுரோட இருக்காரா?"

"இருக்காரு."

"அப்புறம் என்னக்கா? போயி கேளுங்க. செத்துட்டாருன்னாதான தெளிவில்ல." முகம் கழுவப் போனவர் திரும்பிப் பார்த்து, "சாப்டுட்டுப் போங்க. அழுதா பசிக்கும்" என்றார்.

மறுநாளே திரும்பினேன். அந்தப் பெரியவரின் அறை சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும் முன் அந்தச் சந்தை இரண்டு முறை சுற்றி வந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து கடைக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதற பொண்ணு நீதானா? நான் யாரோ ஆம்பளன்னு நெனச்சேன்" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எந்தப் பக்கம்?"

"சயாம்னு எழுதியிருந்தீங்களே, அதுங்கய்யா."

கத்தி நின்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "போடு, பாப்போம்" என்றார்.

கொண்டு போயிருந்த ரெக்கார்டரை அவர் அறைப் பிளக்கில் செருகிப் போட்டேன். அவர் குரல் கொஞ்ச நேரம் வந்தது. பட்டென்று நின்றது. பிறகு காற்று. தூரத்தில் கோழி. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குறட்டைச் சத்தம்.

"இது யாரு?"

"நான்தாங்கய்யா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கதைக்கு இவ்ளோ நல்லா தூங்கியிருக்கியே லா!" என்றார். நிறுத்தப் போன என் கையைத் தடுத்துவிட்டார். கேசட் முடியும்வரை கேட்டார். இடையில் 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. "ரப்பர் கொட்டை வெடிக்குது. வெயில் நல்லா அடிச்சிருக்கு" என்றார்.

மிஷின் இல்லாமல், அவர் சொல்லச் சொல்லக் கையாலேயே எழுதிக்கொள்கிறேன், எத்தனை நாள் ஆனாலும் வருகிறேன் என்றேன்.

"இல்லம்மா" என்றார். கோபம் இல்லை. "அதப் பேச எனக்குப் பதினஞ்சு நாளாச்சு. தெனம் மிஷின எடுப்பேன், கீழ வப்பேன். ஒரு நா எப்படியோ வந்துடுச்சு. இனி வராது." மறுபடி ஒரு வெங்காயத்தை எடுத்தார். "நீ எழுதி வச்சிருக்கற மிச்சத்தையும் அடிச்சுடு. சயாமுக்குப் போனேன், திரும்பி வந்தேன்னு போட்டுக்க. பொய் இல்லல்ல?"

நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கேசட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். என்னோடு கீழே இறங்கி வந்து, கடை டெலிபோனில் செயலாளரைக் கூப்பிடச் சொன்னார். "அந்த ரெண்டாவது பக்கத்துல நான் ஒண்ணும் பேசலப்பா. சும்மா ஓட விட்டுட்டேன். எழுதற பொண்ணத் திட்டாத" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டெலிபோனை வாங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களைப்பு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. அதில் அவருடைய சயாம் இரண்டு வாக்கியம். அடுத்த பத்தியில் ரோடு போடும் வேலை தொடங்கிவிடும். சங்கம் எனக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தது. நானும் செய்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் இறந்துபோனார். துக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஈப்போவிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை மகன், நான் சங்கத்துக்கு எழுதுகிறவள் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். "எங்க அம்மாவோட மூத்த அண்ணனும் இந்த மாமாவும் ஒண்ணாத்தான் சயாமுக்குப் போனாங்க. மூத்தவரு திரும்பல. என்ன ஆச்சுன்னு மாமா கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. உங்க சங்கத்துக்காவது ஏதாவது பேசினாராக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தம்பி இதைப் படிப்பாரோ என்னவோ தெரியாது. ஆனாலும் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: உங்கள் மாமா பேசினார், பதினைந்து நாள் தவித்து, தனியாக உட்கார்ந்து பேசினார், கேட்க வேண்டிய நான்தான் தூங்கிப் போனேன்.