சும்மா ஓட்டுகிறவன் இல்லை நான்

ஹைதராபாத்தில் தமிழன் என்றால் ஒன்று ஆபீசர், இல்லாவிட்டால் ஆபீசருக்கு டைப் அடிக்கிறவர் என்றுதான் அந்தக் காலத்தில் நினைப்பார்கள். நான் இரண்டும் இல்லை. மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, கீசரா ரோட்டில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டும் கூலியாகச் சேர்ந்தேன். பதினைந்தே வருஷத்தில் அதே தோட்டத்தில் ஆறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, பாங்குக் கடனில் ஒரு சிவப்பு டிராக்டரும் வாங்கி நிறுத்தினேன். பட்டம் வாங்கியவன் எவனாவது இதைச் செய்திருக்கிறானா, காட்டுங்கள்.

டிராக்டர் வாங்கும்போதே இன்ஷூரன்ஸ் எடுக்க வைத்தார்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து அந்தப் பாங்கு மேனேஜரே காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதல் எழுத்து யானை மாதிரி நிற்கும். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, திரும்பி வந்து, மொத்தத்துக்கும் கோடு போட்டுவிட்டு நிற்கும்.

காகிதத்தில் இருந்தது என்னவென்றால், வண்டி என் சொந்த விவசாயத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓட்டி எதையாவது இடித்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. நானோ தோட்டத்தில் வேலை இல்லாத நாளெல்லாம் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வாடகைக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏ.எஸ்.ராவ் நகரில் அப்போது தெருவுக்குத் தெரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மணல், செங்கல், தண்ணீர் டிரம், எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவன் வண்டியில் நூறு செங்கலுக்குப் பத்து உடையும். என் வண்டியில் ஒன்று உடைந்தால், அது சூளையிலேயே விரிசல் விட்ட கல்லாக இருக்கும்.

அப்படித்தான் ஒரு தமிழ் ஆபீசர் வந்து சேர்ந்தார். அரசாங்கக் கம்பெனி ஒன்றில் பெங்களூரிலிருந்து மாற்றல். சாமானெல்லாம் ரயிலில் வந்து செகந்திராபாத் கூட்ஸ் ஷெட்டில் கிடந்தது. ஒல்லியான மனுஷர். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார்.

"வாடகை ஒண்ணும் பிரச்சினை இல்லை. ஆனா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது குடுக்கணும். ஆபீஸ்ல மாற்றல் செலவுக்கு பில் போடணும். ரசீது இல்லேன்னா நடந்து வந்ததா நினைச்சுக்குவான்" என்றார்.

ஸ்டாம்ப் மேல் கையெழுத்து! எனக்குக் கசக்குமா?

கண்ணாடி பீரோ, ஆட்டுக்கல், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து இறக்கினேன். ஆபீசரின் மனைவி ஜாடி ஜாடியாகத் திறந்து பார்த்துவிட்டு, "எண்ணெய்கூடத் தளும்பலை அண்ணே" என்றார். பணத்தை வாங்கினேன். ஸ்டாம்பின் மேல் வால் சுழல ஒரு கையெழுத்துப் போட்டேன். அந்தச் சந்தோஷத்திலேயே ஏறி உட்கார்ந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.

டிரெய்லரோடு டிராக்டரை ரிவர்ஸ் எடுக்க அந்த வட்டாரத்தில் என்னைவிட ஆள் கிடையாது. ஆனால் எதிர் வீட்டுக்காரர் கேட் தூணைத் தெருவுக்குள் அரை அடி தள்ளிக் கட்டியிருந்தார். இன்றைக்கும் சொல்வேன், தப்பு தூணுடையது. டிரெய்லரின் மூலை பட்டதும் அது மரியாதையாக உள்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

அந்தக் காலத்து ஸ்கூட்டர் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரர் ஏழு வருஷம் காத்திருந்தாராம். வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஹேண்டிலில் கட்டிய மாலைகூட வாடவில்லை. ஹப்சிகுடாவில் ஒரு சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கும் தெலுங்குக்காரர் அவர். பனியனோடு ஓடிவந்து, "நா ஸ்கூட்டரு! நா ஸ்கூட்டரு!" என்று கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, என் டிராக்டரில் ஏறிச் சாவியை உருவிக்கொண்டு போய்த் தன் பூஜை அறையில் வெங்கடேஸ்வரர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"புது ஸ்கூட்டரு வந்தாத்தான் சாவி வரும். அதுவரைக்கும் சாமி பாத்துக்கும்."

என் கவலை ஸ்கூட்டர் இல்லை. தோட்டத்தில் கொடி நறுக்கும் கவாத்து முடிந்து துளிர் எட்டிப் பார்க்கிற நேரம். இன்னும் ஒரு வாரத்தில் மருந்து அடித்தாக வேண்டும். மருந்து டிரம்மையும் பம்ப்பையும் இழுக்க டிராக்டர் வேண்டும். டிராக்டர் வராவிட்டால் துளிர் கருகும். துளிர் கருகினால் குத்தகையும் போகும், கடனுக்கு டிராக்டரும் போகும், நான் மறுபடி பந்தல் கட்டப் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எழுதிக் கொடுத்தேன். அங்கே ஒரு குமாஸ்தா என் காகிதத்தைப் படித்துக் காட்டினார். வாடகைக்குப் போனதா என்று விசாரிக்க ஆபீசர் வருவார், ஜாக்கிரதையாகப் பதில் சொல்லுங்கள் என்றார்.

நான் நேராகத் தமிழ் ஆபீசரிடம் போனேன்.

"சார், ஒரே ஒரு வார்த்தை. நான் உங்க ஊர்க்காரன், சும்மா உதவிக்கு வந்தேன்னு சொல்லிடுங்க. கம்பெனி ஸ்கூட்டருக்குக் குடுத்துரும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பில் போட்டாச்சே! உங்க ரசீதை வச்சு, மூணு காப்பி எடுத்து, அக்கவுண்ட்ஸுக்குப் போயிடுச்சே! சும்மா வந்தீங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, குடுக்காத வாடகைக்குப் பில் போட்டேன்னு ஆயிடும். வேலை போயிடும் அண்ணே."

"பில்லைத் திருப்பி வாங்கிக்குங்க."

"போட்ட பில்லைத் திருப்பிக் கேட்டா, ஏன் கேக்கறேன்னு அதுக்கு ஒரு ஃபைல் போடுவான்."

ஆக, ஒரே ஒரு பயணம். அவர் வேலை நிலைக்க அது வாடகையாக இருக்க வேண்டும். என் தோட்டம் நிலைக்க அது உதவியாக இருக்க வேண்டும். நடுவில் வெங்கடேஸ்வரரிடம் சாவி.

மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் ஆபீசர் வந்தார். பழைய ஹைதராபாத்துக்காரர். வாயில் பான். அவர் பேசியது உருது. எனக்கு அதுவும் தண்ணீர் பட்ட பாடு. அவர் தூணை அளந்தார், ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார், திருஷ்டிக்குக் கட்டி, விழுந்து கிடந்த எலுமிச்சம்பழத்தைக்கூடக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இது வாடகையா, உதவியா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் தமிழ் ஆபீசர் முன்னே வந்தார். அவர் மனைவி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊறுகாய் ஜாடிக்கு நன்றிக்கடனாக அந்த அம்மாதான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"உதவிதான். எங்க ஊர்க்காரர். சும்மா வந்தார்."

"ஹவ்? அப்படியா? அப்ப எழுதிக் குடுங்க" என்று இன்ஷூரன்ஸ்காரர் காகிதத்தை நீட்டினார்.

தமிழ் ஆபீசர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. இன்னொன்றை எடுத்தார். மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரர் சிரித்தார்.

"அதானே பாத்தேன்! காசு வாங்கி ஓட்டற டிரைவரா இருந்தா இப்படி இடிப்பானா? சும்மா வந்தவன்தான் இடிப்பான்!"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"சும்மாவா? யாரு, நானா? ஏன்யா, இந்த ஏரியாவில என் ரேட்டு என்னன்னு தெரியுமா? மத்தவன் வாங்கறதைவிட அஞ்சு ரூபா கூட! கேட்டு வாங்கறவன் நான்! சார், நீங்க அந்தப் பேனாவைப் பையில வைங்க. வாடகைதான். ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்தே போட்டிருக்கேன்!"

அந்தப் பாவப்பட்ட மனுஷரின் வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் வேர்வை முதலில் என் கண்ணில் பட்டதா, சிரிப்பு முதலில் காதில் விழுந்ததா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்ஷூரன்ஸ்காரர் ஃபைலை மூடினார். "நக்கோ மியா, முடியாது. கம்பெனி ஒரு பைசா தராது" என்றார். தமிழ் ஆபீசர் இரண்டு பேனாவையும் மறுபடி பையில் செருகிக்கொண்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார், அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர்.

நான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எதிர் வீட்டுக்காரரிடம் போனேன்.

"தூணை நானே கட்டித் தர்றேன். ஸ்கூட்டரை அக்கக்காப் பிரிச்சு, வேற பாகம் போட்டு, புதுசு மாதிரி கொண்டுவந்து நிறுத்தறேன். பதினைஞ்சு நாள் குடுங்க."

"பதினைஞ்சு நாளும் ஆபீசுக்கு எப்படிப் போவேன்? இனிமே பஸ் ஏறமாட்டேன்னு ஸ்கூட்டர் பூஜையில சாமிகிட்டச் சொல்லியிருக்கேன்."

இங்கேதான் மூன்றாம் வகுப்பு மூளை வேலை செய்தது.

"நான் கொண்டுபோய் விடறேன். காலையில ஆபீஸ், சாயங்காலம் வீடு. என் டிராக்டர்ல."

அவர் யோசித்தார். மனைவியைப் பார்த்தார். "சரி" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னும் என்ன?"

"சாவி இல்லாம எப்படி ஓட்டறது?"

பூஜை அறைக்குப் போய்விட்டு வந்தார். சாவியில் குங்குமம் இருந்தது.

தெருவோரத்தில் பான் துப்பிக்கொண்டிருந்த இன்ஷூரன்ஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "மியா, அதுல ஆள் ஏத்தறதும் பாலிசியில இல்லை" என்றார். அவசரமாகத் தன் சைக்கிளை எங்கள் வழியிலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எதிர் வீட்டுக்காரர் டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். டிபன் கேரியர் மடியில். "மெல்ல போ" என்றார். டிராக்டர் வேறு எப்படிப் போகும்? ஹப்சிகுடாவில் அவர் ஆபீஸ் கேட்டில் காவல்காரன் யாரோ கான்ட்ராக்டர் வந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு கதவையும் திறந்துவிட்டு சல்யூட் அடித்தான். எதிர் வீட்டுக்காரர் இறங்கிச் சட்டையை நீவிக்கொண்டார். காலையில் ஏறும்போது இருந்த கடுகடுப்பு அந்த முகத்தில் இல்லை.

"சாயங்காலம் அஞ்சரைக்கு வா" என்றார். "கேட் பக்கத்திலேயே நிறுத்து. எல்லாரும் வெளிய வர்ற நேரம்."

நான் வண்டியைத் திருப்பினேன், ஒரே திருப்பில், எதிலும் படாமல். நேராகத் தோட்டத்துக்கு விட்டேன். பத்தரை மணிக்கெல்லாம் முதல் வரிசைக்கு மருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.