சாவி யார் கையில்?

ரத்தம் எடுக்கிற தொழிலில் நரம்பைக் கண்டுபிடிப்பதுகூடச் சுலபம். கதவு திறக்கும்வரை நிற்பதுதான் பெரும்பாடு. தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், கூரியர் என்று காலிங் பெல்லை அழுத்திப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது என் வேலை. இது பதினோராவது வருடம். திங்களும் வியாழனும் கடற்கரைப் பக்கம், மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் செய்யூர் வரை என் ஸ்கூட்டர் ஓடும். மற்ற நாட்கள் நாவலூர் அடுக்குமாடிகள். என்னிடம் கை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் வாசலைத் தாண்டிப் பல வருடம் ஆனவர்கள். முட்டி, மூச்சு, கண், வெறும் பிடிவாதம் என்று ஆளுக்கொரு காரணம். ஊசி குத்த இரண்டு நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் எனக்கு ஒரே குடைச்சல்: இவர்கள் நாள் முழுக்க உள்ளே இருந்து என்னதான் செய்கிறார்கள்?

முழுக்கைச் சட்டை

நாவலூரில் ஒன்பதாவது மாடியில் சுப்பையா சார் தனியாக இருக்கிறார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. உடம்பில் பெரிய கோளாறு ஒன்றும் கிடையாது. மனைவி போன பிறகு கீழே போவதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை என்பார். பெல்லை அழுத்தியதும் நான் எண்ண ஆரம்பிப்பேன். முதலில் கட்டில் கிறீச்சிடும், அப்புறம் செருப்பு தேயும், குழாயில் தண்ணீர் விழும், கடைசியில் பீரோக் கதவு. இருநூறை நெருங்கும்போது கதவு திறக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், படிய வாரிய தலை என்று சார் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல நிற்பார்.

அந்த முழுக்கைதான் எனக்கு எரிச்சல். பொத்தானைக் கழற்றி, இஸ்திரி கலையாமல் மடித்து முழங்கைக்கு மேலே ஏற்றுவதற்குள் அடுத்த வீட்டுக்காரர் போன் போட்டுவிடுவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், பனியனோடு இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்று. சார் பொத்தானை நிதானமாக மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க வந்துட்டுப் போனா, நானே வெளிய போயிட்டு வந்த மாதிரி ஆயிருதும்மா. வெளிய போறவன் பனியனோட போவானா?"

ஒரு வேளை

வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது இந்தத் தொழிலில் தனிக் கலை. 'சாப்பிடாதீங்க' என்றால் டீ குடித்துவிட்டு இருப்பார்கள். 'டீயும் கூடாது' என்றால் பிஸ்கட் தின்றிருப்பார்கள். செய்யூருக்குப் பக்கத்தில் அருளப்பன் என்று ஒரு பெரியவர். இடுப்பு ஒடிந்ததிலிருந்து படுக்கையும் ஜன்னலும்தான். அவரும் என்னைப் போல மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் என்பதால், அவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு, நாளைக் காலை ஒருசந்தி இருங்க என்று போனில் சொல்லிவிட்டேன்.

தவக்காலத்தில் நாங்கள் ஒருசந்தி இருந்தால் ஒரு வேளை சாப்பாடு உண்டு என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. காலை ஆறரைக்குப் போனால் பெரியவர் ஏப்பம் விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். பழைய சோறும் கருவாடும் ஆகியிருந்தது. பைபிள் தலைமாட்டில் இருந்ததால் கோபப்படவும் முடியவில்லை. அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஒரு வேளை உண்டு இல்லம்மா? நீ வந்துட்டா சாப்புட முடியாதேன்னு அந்த ஒரு வேளையை அஞ்சு மணிக்கே முடிச்சிட்டேன்."

பதினெட்டு சாவிகள்

சுப்பையா சாரின் எதிர் வீட்டில் கவிதா என்று ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒருநாள் லிஃப்டில் என் பையைப் பார்த்துவிட்டு, கடப்பாக்கம் வரை போவீர்களா என்று கேட்டாள். அங்கே அவள் அம்மா பாக்கியம் தனியாக இருக்கிறார், சர்க்கரை இருக்கிறது, கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார் என்றாள். அடுத்த திங்கட்கிழமையே போனேன்.

பாக்கியத்தம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். முட்டி தேய்ந்துவிட்டதால் கட்டிலிலிருந்து கிரில் கேட் வரைதான் நடமாட்டம். முன்னறைச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கொரு சாவி. எண்ணினேன், பதினெட்டு. அந்தத் தெருவில் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், பெண்கள் மாமல்லபுரத்து ஹோட்டல்களுக்கும் கம்பெனி வேன் ஏறியும் போகிறார்கள். போகிறவர்கள் எல்லோரும் எங்கேயும் போகாத ஒரு ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எதிலும் பேர் எழுதவில்லை. வலைநூல் நீலத்தில் கட்டியிருப்பது பக்கத்து வீட்டு மீன்காரி வளர்மதியுடையது என்று அவருக்குத் தெரியும். நான் வலது கையில் ஊசியை ஏற்றியிருக்கும்போதே கேட்டுக்கு வந்த ஒருத்திக்கு இடது கையால் சாவி எடுத்து நீட்டினார். கை ஆடக்கூடாது என்று நான் பல்லைக் கடித்தேன். தெரு மொத்தமும் உங்களை எப்படி நம்புகிறது என்று கேட்டதற்குப் பதில் வந்தது: "பூட்டிக்கினு போறவங்களுக்குப் பூட்டாத வூடு ஒண்ணு வேணுமில்ல பாப்பா. அது என் வூடு."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட அவரை விட்டால் ஆள் இல்லை.

மூன்று நாள் மோர்

மாதா மாதம் பாக்கியத்தம்மாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி வந்தது. ஆனால் கால் கட்டை விரலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. கவிதாவுக்குச் சந்தேகம். டாக்டரிடம் கேட்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சோதனையை எழுதி வாங்கிவிட்டாள். அது சரியில்லை என்றால் அம்மா நாவலூருக்கு வந்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பேச்சு. அம்மாவும் தைரியமாகச் சரி என்றிருந்தார்.

தைரியத்துக்குக் காரணம் அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மோரும் வெந்தயமும் மட்டும்தானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தச் சோதனை மூன்று நாளையெல்லாம் கணக்கில் எடுக்காது, மூன்று மாதமாகத் தின்றதை எல்லாம் சொல்லிவிடும் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. சாவி வாங்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. அதிரசம், பஜ்ஜி, ஹோட்டலில் மிஞ்சிய கேக் என்று கையில் ஏதாவது இருக்கும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வளர்மதியைக் கூப்பிட்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து, தன் கையை நீட்டினாள்.

எனக்கு வந்த கோபத்தில் வளர்மதியை எழுப்பியே விட்டேன். இன்றைக்கு ஏமாற்றினால் நாளைக்கு விரல் போகும், அப்புறம் பாதம் போகும், அப்போது எந்த வீட்டில் இருந்து என்ன பயன் என்று கத்தினேன். பாக்கியத்தம்மா கையை நீட்டினார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எடுத்துக்கோ பாப்பா. அத்தினூண்டு ரத்தம் இன்னா பேசிடப் போவுதுன்னு இருந்தேன். வூட்டையே புடுங்கிக்கும் போலக்கீது."

காலிப் பலகை

ஏழுக்குள் இருக்க வேண்டிய அளவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கவிதா காரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வியாழன் வேறு வீட்டுக்காக அந்தத் தெருவில் போனபோது கிரில் கேட்டில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தேன். பலகையில் வெறும் ஆணிகள். நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் என் ஊசியால் ஒரு ஆளை ஊரை விட்டுக் கிளப்பிவிட்டேன் என்ற வருத்தம் போகவில்லை.

வளர்மதி மீன் கூடையை இறக்கிவிட்டு வந்து பேசினாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. காரில் ஏறும் முன் அத்தை ஒவ்வொரு வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுத்தார்களாம். இவள் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை: "எம்பூட்டுக்கு நான் வேற சாவி போட்டுக்கினேன். அது அத்தைகிட்டயே கெடக்கட்டும். ஒண்ணாவது கையில இருந்தாத்தானே திரும்பி வரத் தோணும்?"

முந்நூறு

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, சுப்பையா சாரின் பெல்லை அழுத்திவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டில் சத்தம் இல்லை. செருப்பு இல்லை. இருநூறு ஆகியும் பீரோ திறக்கவில்லை. இருநூற்று ஐம்பதில் கதவைத் தட்டினேன். முந்நூறில் செக்யூரிட்டிக்குப் போன் போடப் போகும்போது, எதிர்க் கதவு திறந்து பாக்கியத்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் சாவி. நேராகப் போய்ச் சாரின் கதவைத் திறந்தார்.

சார் குளியலறை வாசலில் பனியனோடு விழுந்து கிடந்தார். ஐந்து மணியிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது சட்டையை. போட்டுவிட்டுத்தான் தூக்கினோம்.

பிறகு கவிதா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் ஏழெட்டுச் சாவிகள். சமையல்காரம்மாவுக்கு, கூரியருக்கு என்று அந்த மாடியில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கொடுத்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் நீல நூல் கட்டிய கடப்பாக்கத்துச் சாவி தனியாகத் தொங்கியது. சாரும் தாமே வந்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார், ராத்திரியில் உள் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று அவருக்குப் பாக்கியத்தம்மாவின் உத்தரவு. எங்கேயும் போகாத மனிதர் எதற்குச் சாவி கொடுத்தார் என்று கேட்டேன். "மத்தவங்க வெளிய போறதுக்குக் குடுத்தாங்க பாப்பா. இவரு உள்ள இருக்கறதுக்குக் குடுத்தாரு. அதுவும் ஒரு அவசரம்தானே?"

பத்தொன்பதாவது

மூன்றாவது மாதம் மறுபடி ஊதா மூடிக் குழாயை எடுத்தேன். புண் ஆறியிருந்தது. அளவு ஏழுக்குள் வந்தால் ஊருக்கு அனுப்புவதாகக் கவிதா வாக்குக் கொடுத்திருந்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒரு ரிப்போர்ட்டுக்காக நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஏழுக்குள் வந்தது. கவிதா அழுதாள், ஆனால் வாக்கு மாறவில்லை.

அடுத்த வியாழன் கடப்பாக்கத்தில் கேட் திறந்திருந்தது. சாவி வாங்க வருகிறவர்கள் இனி வெள்ளரிக்காய் மட்டும்தான் கொண்டுவரலாம் என்று தெருவுக்கே சொல்லியாகிவிட்டதாம். பலகையை எண்ணினேன். பதினெட்டோடு ஒன்று கூட இருந்தது. நாவலூர்ச் சாவி. காரில் ஏறப் போன நேரத்தில் சுப்பையா சார் முழுக்கைச் சட்டையும் கடிகாரமுமாக லிஃப்டில் இறங்கி வந்தாராம். ஒரு சாவி கவிதாவிடம் இருக்கட்டும், இது உங்களிடம் என்று நீட்டினாராம். இரண்டு வருடத்துக்கு மேல் கீழே வராத மனிதர். சொல்லும்போது பாக்கியத்தம்மா அந்தச் சாவியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார்: "அம்மாந்தூரத்துல இருந்துகினு நான் எப்பிடி சார் தொறப்பேன்னு கேட்டேன். தொறக்க வேணாம், உங்ககிட்ட இருக்குன்னா போதும்னாரு."

இப்போதெல்லாம் புதிதாக ஒரு பெரியவரின் பேர் வந்தால், வெறும் வயிற்றோடு இருக்கிறீர்களா என்பது என் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, உங்கள் வீட்டுச் சாவி யார் கையில் என்பது.